விக்டோரியா காலத்துக் கல்யாணங்களுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது எப்படி

பத்திர எழுத்தர் ஒருவரிடம் இருபத்திரண்டு வருஷம் டைப் அடித்தேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எங்கள் அறை. நாற்பது வயதுக்கு மேல் தபால் வழியில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தேன். பகலில் கிரயப் பத்திரம், ராத்திரியில் 'ஜேன் ஏர்'. இரண்டும் தலைக்குள் கலந்துபோனதில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. நாவலில் யாராவது யாரையாவது கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்றால், காதலைப் பார்ப்பதற்கு முன்னால் வில்லங்கம் போட்டுப் பார்ப்பேன்.

இதை எழுத வைத்தவள் என் அக்கா மகள். அவளும் இப்போது எம்.ஏ. படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் ராத்திரி பத்தரைக்குப் போன். "சித்தி, இந்த ஹெலன் எதுக்கு இத்தனை வருஷம் அந்தக் குடிகாரன்கிட்டக் கிடக்கறா? பொட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?" அவள் படித்துக்கொண்டிருந்தது ஆன் பிரான்ட்டே எழுதிய 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்'.

"அந்தப் பொட்டி அவளோடது இல்லடி" என்றேன்.

அன்றைக்குச் சொன்னதையும் அதற்கப்புறம் நான்கைந்து தடவை பேசியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கோட்பாடு எதுவும் கிடையாது. ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் போதும். நாவல்கள் எல்லாமே காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பொட்டி யாருடையது

வில்லியம் பிளாக்ஸ்டன் என்கிற சட்ட அறிஞர் 1765இல் வெளியிட ஆரம்பித்த விளக்க நூலில் எழுதியதைத்தான் அடுத்த நூறு வருஷமும் இங்கிலாந்தில் ஓதிக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆள். அந்த ஒரே ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம். சர்ச்சில் மோதிரம் போட்டு முடித்ததும் பெண்ணின் ரொக்கம், நகை, மேஜை நாற்காலி, உடுத்தியிருக்கிற துணி வரைக்கும் அவன் கைக்குப் போய்விடும். நிலபுலன் இருந்தால் அவள் சம்மதம் இல்லாமல் அவனால் விற்க முடியாது, ஆனால் குத்தகைப் பணம் அவனுக்குத்தான். அவள் சம்பாதித்தாலும் அவனுக்கு. அவளாக உயில் எழுத முடியாது, ஒப்பந்தம் போட முடியாது, வழக்குத் தொடர முடியாது. பிள்ளைகள் மேல் பாத்தியதை தகப்பனுக்கு.

எங்கள் ஆபீஸில் ஒரு பெண் பெயருக்குப் பத்திரம் எழுதினால், "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி விநிமய விற்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று முடிப்போம். கை தானாக அடிக்கும் வரி அது. இந்த வரியில் இருக்கிற எந்தச் சொல்லும் அந்தக் காலத்து இங்கிலீஷ் மனைவிக்குக் கிடையாது. அதை நினைவில் வைத்துக்கொண்டு நாவலைத் திறங்கள்.

பென்சிலால் இரண்டு வருஷம்

முதல் பக்கத்தில் இரண்டு வருஷங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று புத்தகம் வெளிவந்த வருஷம், இன்னொன்று கதை நடக்கிற வருஷம். நிறையப் பேர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்து போகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஓரத்தில் 1839, 1857, 1870, 1882 என்று நான்கு வருஷங்களையும் எழுதுங்கள்.

1839க்குப் பின்னால் கேரலைன் நார்ட்டன் என்கிற எழுத்தாளர் இருக்கிறார். 1836இல் கணவன் மூன்று பையன்களையும் இவர் கண்ணில் காட்டாமல் கொண்டுபோய்விட்டான். அதே வருஷம் அன்றைய பிரதமர் மெல்போர்ன் பிரபுவோடு இவரைச் சேர்த்துப் பேசி, அவர் மேல் நஷ்ட ஈடு வழக்கும் போட்டான். வழக்கில் தோற்றான். தோற்றும் பிள்ளைகள் அவனிடமேதான். இவர் துண்டுப் பிரசுரம் எழுதி, ஆள் பிடித்து, பார்லிமெண்ட் வரை போனதில்தான் 1839இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் விடும்படி தாய் கோர்ட்டில் கேட்கலாம். அதுவும் அவள் நடத்தை மேல் குற்றம் நிரூபணமாகாமல் இருந்தால்தான். 1842இல் அவருடைய கடைசிப் பையன் இறந்துபோனான்.

1857இல் விவாகரத்துக்கென்று தனி கோர்ட். 1870இல் மனைவியின் சம்பாத்தியம் மனைவிக்கு. 1882இல் சொத்தும் மனைவிக்கு.

இப்போது ஹெலனிடம் வாருங்கள். அந்த நாவல் வந்தது 1848இல். ஆனால் கதையைச் சொல்கிற கில்பர்ட் 1827ஆம் வருஷத்து இலையுதிர் காலத்திலிருந்து ஆரம்பிக்கிறான். அதாவது 1839ஆம் வருஷச் சட்டத்துக்கே இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. ஹெலன் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு, இடிந்த வீட்டில் ஒளிந்திருப்பதைப் பார்த்து, கதைக்காக மர்மம் சேர்த்திருக்கிறார்கள் என்று என் அக்கா மகள் நினைத்தாள். புருஷனுக்கு இடம் தெரிந்தால் போதும், வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். தடுக்க எந்த அதிகாரியும் இல்லை. அவள் படம் வரைந்து விற்கிற காசுகூடச் சட்டப்படி அவனுடையது.

'மிடில்மார்ச்' இன்னொரு வேடிக்கை. 1871-72இல் பகுதி பகுதியாக வந்தது. கதை நடப்பதோ 1829இலிருந்து 1832க்குள். வாசித்தவர்கள் 1870ஆம் வருஷச் சட்டத்துக்கு இந்தப் பக்கம், கதாநாயகி டொரோத்தியா அந்தப் பக்கம். இதை எழுதிய ஜார்ஜ் எலியட் (ஆண் பெயரில் எழுதிய பெண்மணி) நாற்பது வருஷம் பின்னால் போனதை, பழைய ஊர்மேல் இருந்த ஏக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியவருடைய நிலைமையையும் பாருங்கள். அவர் கூடவே வாழ்ந்த ஜார்ஜ் ஹென்றி லூயிஸுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. மனைவிக்கு இன்னொருவரால் பிறந்த குழந்தையைத் தன் குழந்தை என்று லூயிஸ் பதிவு செய்துவிட்டதால், அவள் செய்ததை மன்னித்துவிட்டார் என்று ஆகிவிட்டது. அப்புறம் விவாகரத்து கேட்க வழியில்லை. ஒரு பிறப்புப் பதிவால் 1854இலிருந்து 1878இல் லூயிஸ் சாகும்வரை இந்த அம்மாள் சட்டப்படி யாருக்கும் மனைவி இல்லை. பதிவாளர் ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்திருந்த எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

பவுண்டை ரூபாயாக்காதீர்கள்

நாவலில் வருகிற பணத்தை இன்றைய ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. அதே புத்தகத்தில் வருகிற சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். 'ஜேன் ஏர்' நாவலில் தார்ன்ஃபீல்ட் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கிற ஜேனுக்கு வருஷச் சம்பளம் 30 பவுண்டு. அதே வீட்டு மேல்மாடியில் அடைபட்டிருக்கிற பெர்த்தா கல்யாணத்தின்போது கொண்டுவந்தது 30,000. ஜேன் ஆயிரம் வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தால் வருகிற தொகை! அந்த வீட்டு எஜமானன், பெர்த்தாவின் கணவன் ராச்செஸ்டர் இளைய மகன். அப்பா சொத்தைப் பிரிக்க மனமில்லாமல் மொத்தத்தையும் மூத்தவனுக்கு எழுதிவிட்டு, இவனுக்குப் பணக்காரப் பெண்ணாகப் பார்த்தார். பெர்த்தாவின் பைத்தியத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்தக் கணக்கையும் பேச வேண்டும் என்பது என் கட்சி.

சில சொற்களில் வழுக்கி விழாமல் இருங்கள். 'மேக்கிங் லவ்' என்று வந்தால் பதற வேண்டாம், ஆசை வார்த்தை பேசுகிறான் என்று மட்டும்தான் அர்த்தம். 'ஜாயின்ச்சர்' என்பது விதவையானால் வருஷா வருஷம் வர வேண்டிய ஜீவனாம்சத் தொகை. 'லிவிங்' என்றால் பாதிரியார் வேலையும் அதன் வருமானமும். 'செட்டில்மென்ட்' எங்கள் ஆபீஸில் தினமும் புழங்கும் சொல். அப்பா மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுப்பதை நாங்கள் அப்படிச் சொல்வோம். நாவலில் வருகிற செட்டில்மென்ட் வேறு ஜாதி. அதற்கு ஒரு முழு நாவலே இருக்கிறது.

பத்திரத்தைத் தேடுங்கள்

வில்கி காலின்ஸின் 'தி உமன் இன் ஒயிட்' 1859-60இல் வாராவாரம் வந்த தொடர்கதை. பேய்க்கதை மாதிரித்தான் ஆரம்பிக்கும், வெள்ளை உடுப்புப் போட்ட பெண் ராத்திரி ரோட்டில் நிற்பாள். கல்லூரியில் அந்தக் காட்சியைத்தான் சிலாகிப்பார்கள். என்னை உட்கார வைத்தது கதாநாயகி லாராவின் குடும்ப வக்கீல் கில்மோர் சொல்கிற பகுதி. நிறையப் பேர் அலுப்பு என்று தாண்டிப் போகிற பகுதி.

சட்டம் எல்லாவற்றையும் கணவனுக்குக் கொடுத்தாலும், பணக்கார வீடுகளில் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே பெண்ணின் பணத்தை அறங்காவலர்கள் பெயரில் எழுதி, வட்டி இன்னாருக்கு, முதல் இன்னாருக்கு என்று ஷரத்துப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பெயர்தான் அவர்கள் ஊர் செட்டில்மென்ட். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும், பெண்ணுக்காகப் பேச ஓர் ஆணும் இருந்தால்தான் இது நடக்கும்.

லாராவுக்கு 20,000 பவுண்டு வரப்போகிறது. கில்மோர் எழுதிய வரைவில், குழந்தை இல்லாமல் அவள் இறந்தால் அந்த முதல் அவள் உயில் எழுதினபடி போகும். மாப்பிள்ளை சர் பெர்சிவல் கிளைடின் வக்கீல் அந்த ஷரத்தை அடித்துவிட்டு, அப்படி அவள் இறந்தால் மொத்தமும் கணவனுக்கே என்று எழுதி அனுப்புகிறார். எங்கள் முதலாளி கையில் இப்படி ஒரு வரைவு வந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பார். இவள் செத்தால் இவனுக்கு லாபம் என்று ஒரு மாப்பிள்ளை எழுதிக் கேட்கிறான்! கில்மோர் பதறிப்போய் ரயிலேறி, பெண்ணின் சித்தப்பாவிடம் போகிறார். அந்த மனிதர் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு, என் நரம்புக்கு இந்தப் பேச்செல்லாம் ஆகாது, எப்படியோ முடித்துவிடும் என்று கையை ஆட்டிவிடுகிறார். கொலைத் திட்டம், வேஷம், பைத்தியக்கார விடுதி என்று பின்னால் நடக்கிற அத்தனைக்கும் விதை இந்தச் சோம்பல்தான். என் மகளாக இருந்தால் இப்படியொரு பத்திரத்தின் பேரில் கல்யாணம் செய்துகொடுக்க மாட்டேன் என்று எழுதித் தன் பகுதியை முடிக்கிறார் கில்மோர். ஆனாலும் பத்திரம் பூர்த்தியாகிறது.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு காட்சி. இதைக் கட்டாயம் மெதுவாகப் படியுங்கள். பெர்சிவல் ஒரு தோல் பத்திரத்தைக் கொண்டுவருகிறான். கையெழுத்துப் போடுகிற அடிப்பகுதி மட்டும் தெரிகிறபடி மற்றதை மடித்து, மடிப்பின் மேல் கையை வைத்துக்கொள்கிறான். என்ன பத்திரம் என்று லாரா கேட்கிறாள். விளக்க நேரமில்லை, வண்டி நிற்கிறது, பெண்களுக்கு இதெல்லாம் புரியாது என்கிறான். சாட்சிக்கு அவன் கூட்டாளி ஃபாஸ்கோ பிரபுவும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். ஆனால் சாட்சிகள் இருவரில் ஒருவர் வேறு ஆளாக இருக்கட்டும் என்று ஃபாஸ்கோவே சொல்கிறார். காரணம், எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே அபிப்பிராயம்தான், அது என்னுடையது என்கிறார். பிளாக்ஸ்டனின் 'ஒரே ஆள்' சட்டத்தை ஒரு வில்லன் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

லாரா பேனாவைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரத்தில் பெர்சிவல் அவளைக் குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்கிறான். பேனாவை விட்டெறிகிறாள். அத்தனை பக்கங்களிலும் அந்தச் சாதுப் பெண் தானாகச் செய்கிற வேலைகள் குறைவு. படிக்காமல் போட மாட்டேன் என்பது அதில் ஒன்று.

பத்திரத்தை மடித்து, விரலால் மறைத்துக்கொண்டு, "இங்க போடும்மா" என்று சொன்ன ஆட்களை எங்கள் அறையிலும் பார்த்திருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்த பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பத்திரத்தோடு சம்பந்தப்பட்ட இன்னொரு விஷயம், நாவலில் வருவதல்ல. எலிசபெத் காஸ்கெல் ஒரு கதைக்கு 20 பவுண்டு சன்மானம் வாங்கியபோது, அவர் கணவர் அதை நிதானமாகத் தன் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாராம். காஸ்கெல் தோழிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. மோசமான கணவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், மான்செஸ்டரில் மதிப்பான பாதிரியார். 1865இல் அந்த அம்மாள் எழுத்துக் காசில் ஹாம்ப்ஷயரில் கணவருக்குத் தெரியாமல் ஒரு வீடு வாங்கினார். அதைச் சொல்வதற்கு முன்பே, அந்த வருஷம் நவம்பரில், அதே வீட்டில் இறந்துபோனார்.

சாவிக்கொத்தும் பட்டுத்துணியும்

படுக்கையறைக்குள் இந்த நாவல்கள் நுழையாது. அதற்கு வியாபாரக் காரணம் உண்டு. மூன்று பாகமாக வருகிற ஒரு நாவலின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். ஜேனின் சம்பளத்தில் பத்தொன்பது நாள் கூலி. யார் வாங்குவார்கள்? வருஷத்துக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், சந்தா கட்டி மூடீஸ் என்கிற வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தார்கள். வீட்டில் பெண்பிள்ளைகள் முன்னால் சத்தமாகப் படிக்கக் கூசுகிற புத்தகத்தை மூடீஸ் எடுக்காது. மூடீஸ் எடுக்காவிட்டால் பதிப்பாளர் கையைப் பிசைய வேண்டியதுதான். ஆகவே கணவன் மனைவிக்குள் நடப்பதை எழுத்தாளர்கள் பொருள்கள் மேல் ஏற்றி வைத்தார்கள். சாவி, கடிதம், நகை, துணி, கதவு. இவற்றில் ஏதாவது கை மாறினால் பென்சிலால் கோடு போடுங்கள்.

சார்லஸ் டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' கதையில் சின்ன டேவிட்டின் அம்மா கிளாரா இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறாள். புருஷனின் அக்கா ஜேன் மர்ட்ஸ்டன் வந்து இறங்குகிறாள், நம் பாஷையில் நாத்தனார். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில், உனக்கேன் சிரமம் என்று அன்பாகக் கேட்டு வீட்டுச் சாவிகளை வாங்கிக்கொள்கிறாள். பகலெல்லாம் தன் பையில், ராத்திரி தலையணைக்கு அடியில். அதற்கப்புறம் கிளாரா அந்த வீட்டில் விருந்தாளிதான். அடி விழுந்தது பின்னால்தான். அதிகாரம் கை மாறியது சாப்பாட்டு மேஜையில், ஒரு சத்தமும் இல்லாமல்.

ஹெலனின் கதையிலும் சாவிதான். அவள் டைரி எழுதிக்கொண்டிருக்கும்போது கணவன் அதைப் பிடுங்கிப் படித்து, தப்பிக்கத் திட்டம் போட்டிருப்பதைத் தெரிந்துகொள்கிறான். மேஜை, இழுப்பறை, அலமாரி எல்லாவற்றின் சாவியையும் வாங்குகிறான். வண்ணம், தூரிகை, பலகை எல்லாவற்றையும் கணப்பு நெருப்பில் போடுகிறான். ஒரு குடிகாரன் கோபத்தில் கையில் கிடைத்ததை எரிக்கிறான் என்று படித்தால் தப்பு. அவள் பிழைக்க வைத்திருந்த தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எரிக்கிறான். அந்தக் காட்சியில் அவன் நிதானமாகத்தான் இருக்கிறான்.

இங்கே ஒரு சின்னக் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். ஹெலனின் டைரியை நாம் எப்படிப் படிக்கிறோம்? அவளுடைய இரண்டாவது கணவன் கில்பர்ட், தன் மச்சினனுக்கு எழுதுகிற கடிதத்தில் அதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறான். முதல் கணவன் பிடுங்கினான், இரண்டாம் கணவன் ஊருக்குப் படித்துக் காட்டுகிறான். ஆன் பிரான்ட்டே இதைத் தெரிந்தேதான் வைத்தார் என்பேன். என் அக்கா மகள் ஒப்புக்கொள்ளவில்லை. கில்பர்ட் நல்லவன் என்கிறாள். இருக்கட்டும்.

இனி, பட்டுத்துணி. கல்யாணம் நிச்சயமானதும் ராச்செஸ்டர் ஜேனைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப்போகிறான். ஆறு உடுப்புக்குத் துணி எடு என்கிறான். கெஞ்சிக் கூத்தாடி இரண்டாகக் குறைக்கிறாள். ஊதா நிறப் பட்டையும் ரோஸ் சாட்டினையும் அவன் கை காட்ட, இவள் கறுப்பு சாட்டினும் முத்துச் சாம்பல் நிறப் பட்டும் போதும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவன் வாங்கித் தரத் தர அவளுக்கு முகம் சூடாகிறது, கூசிப்போகிறது. காதலிக்கிற பெண்ணுக்குப் பட்டு வாங்கித் தந்தால் கசக்குமா என்று எம்.ஏ. பரீட்சைக்குப் படிக்கும்போது இந்தப் பக்கத்தை நான் தாண்டிவிட்டேன். பெரிய நஷ்டம்.

அந்தக் கூச்சத்தில்தான் அவளுக்கு மடேராத் தீவில் இருக்கிற சித்தப்பா நினைப்பு வருகிறது. எனக்கென்று கொஞ்சம் பணம் இருந்தால் நன்றாக இருக்குமே, கல்யாணச் சேதியை அவருக்கு எழுதுவோம் என்று எழுதுகிறாள். கடிதம் போய்ச் சேரும்போது அந்த வீட்டில் தங்கியிருப்பவர் யார்? பெர்த்தாவின் அண்ணன் மேசன். அப்புறம்தான் லண்டன் வக்கீல் சர்ச்சுக்குள் வந்து, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள் என்று கல்யாணத்தை நிறுத்துகிறார். பட்டுக்கடையில் கூசாமல் ஆறு உடுப்பும் வாங்கியிருந்தால் கடிதம் போயிருக்காது, கல்யாணமும் நின்றிருக்காது. பின்னால் அதே சித்தப்பாவின் 20,000 பவுண்டு வருகிறது. மூன்று உறவுக்காரர்களோடு பங்கு போட்டு 5,000 தனக்கு வைத்துக்கொள்கிறாள். அதற்கப்புறம்தான் ராச்செஸ்டரிடம் திரும்பிப் போகிறாள். காதல் கதைதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் காசு வந்த பிறகு நடக்கிற காதல் கதை.

கதவு எவ்வளவு கனம்

"டைவர்ஸ் பண்ண வேண்டியதுதானே" என்று தோன்றுகிற இடத்திலெல்லாம் டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலின் ஒரு அத்தியாயத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 1854இல் வந்தது. மில் தொழிலாளி ஸ்டீபன், குடித்து அழிகிற மனைவியிடமிருந்து விடுபட வழி கேட்டு முதலாளி பவுண்டர்பியின் வீட்டுக்கு மதிய இடைவேளையில் போகிறான். முதலாளி இறைச்சித் துண்டும் ஷெர்ரியுமாகச் சாப்பிட்டுக்கொண்டே பதில் சொல்கிறார். வழி இருக்கிறதப்பா. முதலில் சர்ச் கோர்ட்டு, அப்புறம் சிவில் கோர்ட்டு, அப்புறம் பிரபுக்கள் சபை, மறுபடி கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் உனக்கென்று தனியாகப் பார்லிமெண்ட் சட்டம். ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு ஆகும், இரண்டு மடங்குகூட ஆகலாம். நெசவுக்காரனிடம் சொல்கிறார் இதை!

இது டிக்கன்ஸ் கூட்டிச் சொன்னதில்லை. 1700இலிருந்து 1857 வரை இப்படித் தனிச் சட்டம் போட்டுத் தீர்ந்த கல்யாணங்கள் முந்நூற்றுச் சொச்சம். அவற்றில் மனைவி கேட்டு வாங்கியவை நான்கே நான்கு.

1857க்குப் பிறகும் தராசு சாய்ந்தேதான் இருந்தது. மனைவி தவறினாள் என்பது மட்டுமே கணவனுக்குப் போதும். மனைவி கேட்டால் அவன் தவறினான் என்பதோடு கொடுமை செய்தான், இரண்டு வருஷம் கைவிட்டான் என்கிற மாதிரி இன்னொரு குற்றமும் சேர வேண்டும். இதை வெறும் சீமைக் கதை என்று நினைக்காதீர்கள். இதே தராசை 1869ஆம் வருஷத்து இந்திய விவாகரத்துச் சட்டத்தில் இங்கே இறக்கினார்கள். நம் கிறிஸ்தவப் பெண்களுக்கு 2001இல்தான் அது திருத்தப்பட்டது. பிரிந்துபோன மனைவியைத் திரும்ப வரச் சொல்லி வழக்குப் போடுகிற உரிமையும் அங்கிருந்து வந்ததுதான். இங்கிலாந்து 1970இல் அதை ஒழித்துவிட்டது, நம் இந்துத் திருமணச் சட்டத்தில் 9ஆம் பிரிவாக இன்னும் இருக்கிறது. அந்த வழக்குக்குப் பயந்து டிரெஸ்டன் நகரத்துக்கு ஓடிப்போகிற ஒரு மனைவி அந்தனி டிராலப்பின் 'ஃபினியஸ் ஃபின்' நாவலில் வருகிறாள். லேடி லாரா கென்னடி. பணக்காரி, மந்திரி வீட்டுப் பெண். அவளுக்கே அந்தக் கதி.

வில்லங்கத்தில் ஏறாத பாரம்

இந்த வழி எங்கேயும் செல்லும் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். கவிழ்த்துவிட்டவள் 'மிடில்மார்ச்' ரோசமண்ட்.

சட்டம், சம்பாத்தியம், வயது, படிப்பு எல்லாம் அவள் கணவன் டாக்டர் லிட்கேட் பக்கம். கடன் ஏறிவிட்டது, வீட்டை வேறு ஆளுக்கு விட்டுவிட்டுச் சின்ன இடத்துக்குப் போகலாம் என்று ஏலக்காரர் டிரம்பலிடம் சொல்லி வைக்கிறான். ரோசமண்ட் அவனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நேராக டிரம்பலிடம் போய், வீடு விடுகிற பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறாள். அவனுடைய பெரிய மனுஷச் சித்தப்பாவுக்கு அவனுக்குத் தெரியாமல் பணம் கேட்டுக் கடிதம் எழுதுகிறாள். பதில் அவன் பெயருக்கு வருகிறது, வசவோடு. கோபத்தில் கத்துகிறான். அவள் கழுத்தை லேசாகத் திருப்பிக்கொள்கிறாள். அவ்வளவுதான். சட்டப்படி ஒன்றுமே இல்லாத பெண், எல்லாம் உள்ள ஆணைப் பிடிவாதத்தாலும் மௌனத்தாலும் தேய்த்துவிடுகிறாள். ஐம்பது வயதில் அவன் சாகும்போது, பணக்கார நோயாளிகளைப் பார்க்கிற டாக்டராகத்தான் சாகிறான். அவன் கண்ட ஆராய்ச்சிக் கனவு எப்போதோ போய்விட்டது.

முதல் தடவை படித்தபோது ரோசமண்டை ராட்சசி என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாம் தடவை அடித்துவிட்டேன். கேட்கவோ சம்பாதிக்கவோ முடிவெடுக்கவோ வழியில்லாதவளுக்கு மறைவாகச் செய்வது ஒன்றுதான் மிச்சம் என்று தோன்றியது. மூன்றாம் தடவை மறுபடியும் கோபம்தான் வந்தது. இரண்டு குறிப்பும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.

அதே நாவலின் 74ஆம் அத்தியாயத்துக்கும் என் வழியால் பதில் சொல்ல முடியவில்லை. பல்ஸ்ட்ரோட் என்கிற வங்கிக்காரர், ஊரே மதித்த பக்திமான். அவருடைய பழைய அசிங்கம் வெளியே வந்து மானம் போய்விடுகிறது. மனைவி ஹேரியட்டுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. கடைசியில் அவளுடைய அண்ணன் வின்சி சொல்கிறார். வீட்டுக்கு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து நகைகளை எல்லாம் கழற்றி வைக்கிறாள். அலங்காரத் தொப்பியை எடுத்துவிட்டு, தலையைப் படிய வாரி, சாதாரணக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வருகிறாள்.

"புருஷன் உயிரோட இருக்கும்போதே தாலி அறுக்கற மாதிரி இருக்கு சித்தி" என்றாள் என் அக்கா மகள். நம் கண்ணுக்கு அப்படித்தான் படும். எனக்கும் பட்டது. அங்கே விஷயம் நேர் எதிர். அவருக்கு வந்த அவமானத்தை, கூடவே நின்று தானும் உடுத்திக்கொள்கிறாள். அவர் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலிக் கைமேல் இருந்த அவர் கைமேல் ஒரு கையும், தோள்மேல் இன்னொரு கையும் வைத்து, நிமிர்ந்து பாருங்கள் என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுகிறார்கள். ஊர் சொல்வதில் எவ்வளவு பொய் என்று அவள் கேட்கவில்லை. நான் குற்றமற்றவன் என்று அவரும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் பென்சிலை வைத்துவிடுங்கள்.

அடுத்து என் அக்கா மகள் ஜார்ஜ் எலியட்டின் 'டேனியல் டெரோண்டா' ஆரம்பிக்கிறாளாம். மறுபடியும் ராத்திரி பத்தரைக்குத்தான் கூப்பிடுவாள். கல்யாணத்தன்று ராத்திரி கதாநாயகி க்வெண்டலினுக்கு ஒரு வைர நகைப் பெட்டி வந்து சேரும், நகையை விட்டுவிட்டு அதற்குள் இருக்கிற கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுப் போன் பண்ணு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.